ஹவில்தாரின் இன்னொரு கால்

கருவூலத்தில் 34 வருடம் உட்கார்ந்து எழுந்தவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் படிவங்கள் விட்டுப்போவதில்லை. நான் மகன் வீட்டோடு திருவிடந்தைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. லைஃப் சர்டிபிகேட், குடும்ப ஓய்வூதியம், வங்கிக்கு எழுதும் கடிதம் என்று யாராவது ஒருவர் காகிதத்தோடு வந்து திண்ணையில் உட்காருவார். கல்யாணம் கூடிவர வேண்டுமென்று மாலையும் கையுமாக நித்யகல்யாணப் பெருமாளிடம் போகும் இளவட்டங்கள் ஒரு பக்கம் என்றால், மஞ்சள் பையும் கையுமாக என்னிடம் வரும் கிழவர்கள் இன்னொரு பக்கம்.

அந்த மஞ்சள் பைக்காரர்களில் ஒருவர்தான் ஹவில்தார். பெயர் வேண்டாம் என்றார், அதனால் எழுதவில்லை. வேலூர்ப் பக்கத்துக்காரர். அங்கே கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மகளுக்குக் கேளம்பாக்கம் பக்கம் கம்பெனி வேலை கிடைத்ததால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். வயது 70 ஆகிறது. 1988-இல் அமைதிப்படையோடு இலங்கையில் இருந்தபோது, ஒரு பனந்தோப்பு ஓரம் ஜானி மிதிவெடியை மிதித்துவிட்டார். கைக்கடக்கமான சாதனம் அது. ஆளைக் கொல்லாது, பாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

"வெடிச்சதும் வலியே தெரியல சார். பூட்ஸ் எங்கன்னுதான் தேடினேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் அந்தக் கதையை அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

நான் எழுத வந்தது போன காலைப் பற்றி அல்ல, இருக்கிற காலைப் பற்றி.

போன காலுக்கு ராணுவத்தில் ஏற்பாடு நன்றாகவே இருந்தது. பூனாவில் செயற்கைக் கால் மையம் ஒன்று 1944-இலிருந்து நடக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆரம்பித்தது. ஹவில்தாருக்கு முதல் கால் அங்கேதான் கட்டினார்கள். நடக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், சைக்கிள் ஓட்டக்கூடப் பழக்கினார்கள். கால் தேய்ந்தால், இல்லை தொடை இளைத்து அளவு மாறிவிட்டால், மறுபடி ரயிலேறிப் போய் மாற்றிக்கொண்டு வருவார். அந்த மையத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு மரியாதை வரும். "அங்க போனா நம்மள ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க சார். எல்லாருமே நம்ம மாதிரிதான்" என்பார்.

ஆனால் 2003-க்கு முன்னால் நிலைமை எப்படி என்றால், ஊனத்துக்காக ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் வீரருக்கு, எந்த ஊனத்துக்கு ஓய்வூதியமோ அந்த ஊனத்துக்குத்தான் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் உரிமையோடு வைத்தியம். மற்ற நோய்களுக்குப் படுக்கை காலியாக இருந்தால், வசதி இருந்தால் பார்ப்பார்கள். அதாவது வெட்டுப்பட்ட இடம் சர்க்காருடையது, மீதி உடம்பு அவரவருடையது. ஹவில்தாருக்கு 1998-இல் சர்க்கரை வியாதி கண்டது. அது யாருடைய வியாதி? அவருடையதுதான். மெடிக்கல் ஷாப்பில் பத்து மாத்திரை வாங்கி இருபது நாளுக்கு வைத்துக்கொள்வார். மாதக் கடைசியில் பாதி மாத்திரை. அவர் மனைவி இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு என் பெரியப்பா ஞாபகம்தான் வந்தது. நான் பிறந்தது புதுச்சேரியில், படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து இந்தோசீனா போய் வந்தவர். இடுப்பில் குண்டுச் சிதறல். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். பான்சியோன் ஒழுங்காக வந்தது. அதோடு ஒரு சின்னப் புத்தகமும் வைத்திருந்தார், இலவச வைத்தியப் புத்தகம். எனக்குப் பிரெஞ்சு படிக்க வரும் என்பதால் அதைப் படித்துச் சொல்வதும், அவருக்காகக் கடிதம் எழுதுவதும் என் வேலை. பன்னிரண்டு வயதிலேயே நான் குமாஸ்தாவாகிவிட்டேன் என்று அம்மா கேலி செய்வார்.

அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் இருந்த சட்டம் 1919 மார்ச் 31-இல் வந்தது. முதல் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கில் ஊனமுற்றவர்கள் திரும்பிவந்த நேரம். அதில் இரண்டு நல்ல விஷயங்கள் உண்டு. ஒன்று, சேவைக் காலத்தில் வந்த நோய்க்கும் காயத்துக்கும் சேவைதான் காரணம் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது அரசின் பாடு. இரண்டாவது, அந்தக் காயத்துக்கான வைத்தியம் ஆயுள் முழுக்க இலவசம். ஆனால் அந்தக் காயத்துக்கு மட்டும்தான். பெரியப்பாவுக்கு இடுப்பு வலித்தால் புத்தகத்தில் எழுதலாம். கண்ணில் புரை வந்தபோது எழுத முடியவில்லை. "கண்ணால பாத்துத்தானடா சுட்டேன், இடுப்பாலயா சுட்டேன்?" என்று கத்தினார். பிறகு சொந்தக் காசில்தான் கண் ஆபரேஷன் நடந்தது.

(நம் நாட்டிலும் இந்தச் சேவைதான் காரணமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போய்க்கொண்டே இருக்கிறது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், படையில் சேரும்போது இல்லாத நோய், பிறகு வந்து அதனால் ஒருவர் வெளியே அனுப்பப்பட்டால், அது சேவையால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும் என்று சொன்னது. 1919-இல் பிரெஞ்சுக்காரன் எழுதிவைத்ததை நாம் வந்தடைய இத்தனை வருடம். ஆனால் அது ஓய்வூதியச் சண்டை. வைத்தியத்துக்குத் திரும்புகிறேன்.)

2003 ஏப்ரல் 1-ஆம் தேதி முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் வந்தது. எல்லோரும் இசிஎச்எஸ் என்றுதான் சொல்கிறோம். மத்திய அரசு ஊழியர்களுக்கு இருக்கும் சிஜிஎச்எஸ் மாதிரியே அமைத்தது. ஒரே ஒரு தடவை பணம் கட்டினால் போதும், கணவன் மனைவி இருவருக்கும் ஆயுள் உள்ளவரை. இப்போது ஓய்வு பெறும் சிப்பாய்க்கு அந்தத் தொகை 30,000 ரூபாய், அதிகாரிக்கு 1,20,000. போரில் ஊனமுற்றவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் அதுவும் கிடையாது. மாதாமாதம் பிடித்தம் இல்லை. செலவுக்கு உச்சவரம்பு இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். என் சகலை தமிழ்நாடு அரசில் ஓய்வு பெற்றவர். அவருக்கு ஓய்வூதியத்திலிருந்து மருத்துவக் காப்பீட்டுக்கு 2014-இல் 150 ரூபாய் பிடித்தார்கள், பிறகு 350, 2022-இலிருந்து 497. அதிலே 5 லட்சம் என்று ஒரு கோடு உண்டு.

என்னைக் கேட்டால், இந்தத் திட்டத்தின் பெரிய மாற்றம் பணத்தில் இல்லை. 'எந்த உறுப்பு?' என்று கேட்பதை நிறுத்தியதில்தான் இருக்கிறது. கால் போனவருக்குக் கண்ணையும் பார்ப்பார்கள், சர்க்கரையையும் பார்ப்பார்கள், அவர் மனைவியின் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பார்கள். பெரியப்பாவுக்குக் கிடைக்காதது அது.

ஹவில்தார் முதலில் நம்பவில்லை. "காசு கட்டாத சீட்டுக்கு மதிப்பு இருக்குமா சார்னு ஒரு வருஷம் சும்மாவே வெச்சிருந்தேன்" என்றார். பிறகு போக ஆரம்பித்தார். மாதம் ஒரு தடவை பாலிகிளினிக். சர்க்கரை மாத்திரை முழுசாக, முப்பது நாளுக்கும். வருடம் ஒரு முறை கண், சிறுநீரகச் சோதனை. 2003-க்கு முன்னால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவர், அதற்குப் பிறகு வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை போனார். இலவசம் என்றால் தேவையில்லாமல் ஓடுவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒருவரே அப்படிச் சொல்வார். ஒற்றைக் காலோடு யாரும் பொழுதுபோக்காகப் பேருந்து ஏறுவதில்லை.

இங்கேதான் விஷயத்தின் மறுபக்கம். இந்தத் திட்டம் காசு கேட்கவில்லை, ஆனால் நடக்கச் சொல்கிறது. நாடு முழுவதும் 60 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு 400 சொச்சம் பாலிகிளினிக்குகள். நம் கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் உள்ளே போக வேண்டும். ஹவில்தார் பெயர் பதிந்திருக்கும் இடத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் டோக்கன். அங்கே டாக்டர் பார்த்து, பெரிய டாக்டர் வேண்டும் என்றால் ரெஃபரல் எழுதித் தருவார். அந்தச் சீட்டோடு அட்டவணையில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே எழுதிய மருந்தை வாங்க மறுபடி பாலிகிளினிக். மருந்து இருப்பில் இல்லையென்றால் இன்னொரு நாள். இரண்டு கால் உள்ளவனுக்கே அலுப்பு. செயற்கைக் காலில் வெயில் நாளில் வியர்த்தால் சாக்கெட்டுக்குள் தோல் உரிந்துவிடும். அப்படி உரிந்த நாளில் எடை முழுவதையும் நல்ல காலில்தான் போடுவார். நல்ல கால் என்று நாம் சொல்கிறோம், முப்பத்தைந்து வருடமாக இரண்டு கால் வேலையைச் செய்த கால் அது.

2024 புரட்டாசியில் அந்த நல்ல காலின் கட்டை விரலில் ஒரு சின்னக் கொப்புளம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும் என்பது நம் வயதில் பெரும்பாலோருக்குத் தெரியும். செருப்பு கடித்ததே தெரியவில்லை. அந்த மாத மருந்தை வாங்கிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. "அடுத்த தேதி மூணு வாரத்துல வருதே, அப்பவே காட்டிக்கலாம்" என்று இருந்துவிட்டார். மஞ்சள் வைத்தார், வேப்பிலை வைத்தார். பதினைந்தாம் நாள் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. காலு வீங்கிப் போச்சு, ராத்திரியெல்லாம் குளிர் ஜுரம். ரெஃபரல் இல்லாம போனா நம்மள சேத்துக்க மாட்டாங்கன்னு படுத்தே கெடக்கறாரு."

போய்ப் பார்த்தேன். விரல் கறுத்திருந்தது, வாடை வேறு. நான் வைத்தியன் இல்லை. ஆனால் விதி எனக்குத் தெரியும். அவசர நிலையில் ரெஃபரல் வேண்டியதில்லை. அட்டவணையில் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போகலாம், கார்டைக் காட்டினால் போதும். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு, நோயாளியுடையது அல்ல. இருபது வருடமாகக் கார்டு வைத்திருந்தவருக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. "எழுந்திருங்க ஹவில்தார்" என்றேன். மகன் காரை எடுத்தான்.

முதலில் போன ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கவுண்டரில் இருந்த பெண் கார்டைப் பார்த்ததும் தணிந்த குரலில், "சார், இசிஎச்எஸ் இப்ப நிறுத்தி வெச்சிருக்கோம். டெபாசிட் கட்டினீங்கன்னா உடனே எடுத்துக்கிறோம்" என்றாள். எவ்வளவு? அறுபதாயிரம். சண்டை போட நேரமில்லை. இரண்டாவது இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அன்று இரவே அறுத்துச் சுத்தம் செய்தார்கள். கட்டை விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பித்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முழங்கால் வரை போயிருக்கும் என்று சர்ஜன் சொன்னார். பதினெட்டு நாள் படுக்கை. ஒரு ரூபாய் கட்டவில்லை.

அந்தக் கவுண்டர் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதிர்ப்பக்கத்து மேஜையில் 34 வருடம் இருந்தவன் நான். பில் என்றால் என்ன, ஆட்சேபம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வைத்தியம் செய்கிறது, பில்லைக் கணினியில் ஏற்றுகிறது, ஒரு நிறுவனம் அதைச் சரிபார்க்கிறது, கேள்வி கேட்கிறது, பதில் போகிறது, பிறகு அதிகாரி அனுமதிக்கிறார், பிறகு நிதி இருந்தால் பணம். அதுவும் சிஜிஎச்எஸ் கட்டண விகிதத்தில். அந்த விகிதங்களைப் பெரிய அளவில் திருத்தியதே பத்து வருடத்துக்கு மேல் கழித்து, 2025 அக்டோபரில்தான். இந்தத் திட்டத்தைப் பற்றி மத்திய கணக்குத் தணிக்கைத் துறை 2015-இல் தனியாக ஒரு அறிக்கையே நாடாளுமன்றத்தில் வைத்தது. மருந்துப் பற்றாக்குறையும் அதில் உண்டு, பில் தாமதமும் உண்டு, ஆஸ்பத்திரிகளுக்கு அதிகமாகக் கொடுத்ததும் உண்டு. ஆஸ்பத்திரிகளும் யோக்கியம் இல்லை, தேவையில்லாத சோதனை எழுதுகிறார்கள். அதனால் சரிபார்க்கத்தான் வேண்டும். சரிபார்த்தால் தாமதம். தாமதமானால் கவுண்டரில் 'நிறுத்தி வெச்சிருக்கோம்'. எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு மேஜையில் தூங்கினால் கோப்புதான் தூங்குகிறது என்று நினைப்போம். அது போய் ஒருவருடைய கறுத்த விரலில் நிற்கிறது.

தூரத்தைப் பற்றி அமெரிக்காவில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஒரு விஷயம் கிடைத்தது. அங்கே முன்னாள் வீரர்களுக்கென்றே அரசு ஆஸ்பத்திரிகள். 2014-இல் ஃபீனிக்ஸ் நகரத்தில் காத்திருப்போர் பட்டியலையே மறைத்துவைத்த விவகாரம் வெடித்தது. அதே வருடம் சட்டம் போட்டார்கள்: 30 நாளுக்குள் நேரம் கிடைக்கவில்லை என்றாலோ, வீடு 40 மைலுக்கு அப்பால் இருந்தாலோ, அரசு செலவிலேயே வெளி டாக்டரிடம் போகலாம். 2018-இல் அதையும் மாற்றி, சாதாரண வைத்தியத்துக்கு அரை மணி கார்ப் பயணம், சிறப்பு வைத்தியத்துக்கு ஒரு மணி, அதற்கு மேல் என்றால் வெளியே போகலாம் என்றார்கள். அதிலும் சிக்கல்கள் இருக்கும், அது வேறு கதை. ஆனால் தூரத்தை மைலிலிருந்து நேரத்துக்கு மாற்றியது எனக்குப் பிடித்திருந்தது. திருவிடந்தையிலிருந்து பாலிகிளினிக்குக் காரில் எத்தனை நேரம் என்பது வேறு, ஹவில்தார் பேருந்தில் போக எத்தனை நேரம் என்பது வேறு.

நம் பக்கத்திலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கொரோனா சமயத்தில் மருந்தை வெளியே வாங்கிக்கொண்டு பில் போட்டு வாங்கலாம் என்று விட்டார்கள். 2021 மே மாதம் 'சேஹத்' என்று வீட்டிலிருந்தே டாக்டரோடு பேசும் வசதி வந்தது. ஹவில்தாருக்கு அதைக் காட்டியதே நான்தான். முதல் தடவை கேமராவுக்கு முன்னால் அட்டென்ஷனில் உட்கார்ந்தார்.

வாசலுக்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. இந்தத் திட்டம் ஓய்வூதியக்காரர்களுக்கு. ஓய்வூதியம் இல்லாத குறுகிய கால அதிகாரிகளை 2019-இல்தான் சேர்த்தார்கள். நமக்குப் பக்கத்தில் பரங்கிமலையில் இருக்கிற அதிகாரிகள் பயிற்சிக் கழகம் மாதிரி இடங்களில் பயிற்சியின்போதே அடிபட்டு ஊனமாகி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். கமிஷன் கிடைப்பதற்கு முன்னால் அடிபட்டதால் அவர்கள் முன்னாள் வீரர்களே இல்லை என்பது விதி. 1985-இலிருந்து சுமார் 500 பேர் என்று பத்திரிகையில் வந்தது. படுத்த படுக்கையாக இருபது வருடம் கிடந்தவனும் அதில் உண்டு. உச்ச நீதிமன்றம் தானாகவே அதை வழக்காக எடுத்த பிறகு, 2025 ஆகஸ்டு கடைசியில் அவர்களுக்கும் இசிஎச்எஸ் கொடுத்தார்கள், சந்தா இல்லாமல். 2022-இல் வந்த அக்னிவீர் பிள்ளைகளுக்கோ ஊனமானால் ஒரு பெருந்தொகை உண்டு, முழு ஊனத்துக்கு 44 லட்சம், ஆனால் அந்த விதிகளில் இசிஎச்எஸ் இல்லை. இருபத்தொரு வயதில் கால் போனவனுக்கு எழுபது வயதில் விரல் கறுக்கும் என்பதை அந்த விதியை எழுதியவர் யோசித்தாரா தெரியவில்லை. ஹவில்தாருக்குக் கால் போகும்போது வயது முப்பத்திரண்டு. சர்க்கரை வந்தது பத்து வருடம் கழித்து. விரல் போனது முப்பத்தாறு வருடம் கழித்து. எந்தப் பெருந்தொகை முப்பத்தாறு வருடம் தாங்கும்?

போன மாதம் ஹவில்தார் ஒரு புதுக் கேள்வியோடு வந்தார். 70 வயது ஆனவர்களுக்கெல்லாம் ஆயுஷ்மான் வயவந்தனா கார்டு தருகிறார்களே, முகாமில் ஒருவர் இதை எடுத்துக்கோங்க, எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம் என்கிறாரே, மாற்றிக்கொள்ளலாமா என்று. இதே கேள்வி உங்களில் சிலருக்கும் இருக்கலாம் என்பதால் அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். 2024 அக்டோபர் 29-இல் ஆரம்பித்த அந்தக் கார்டு, ஒன்றுமே இல்லாத முதியவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் இசிஎச்எஸ் வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. வயவந்தனாவில் வருடத்துக்கு 5 லட்சம், அதுவும் படுக்கையில் சேர்ந்தால்தான். மாதாந்தர மாத்திரை கிடையாது. இசிஎச்எஸ்ஸில் வரம்பும் கிடையாது, மாத்திரையும் உண்டு. "ஹவில்தார், உங்களுக்கு ஆபரேஷன் என்னிக்கோ ஒரு நாள். மாத்திரை தினமும். எதை விடுவீங்க?" என்றேன். கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் மனைவி அப்போது வாசற்படியில் உட்கார்ந்து இருந்தார். இரண்டு வருடமாக அவருக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறுவதில்லை. அவர் பெயரிலும் கார்டு உண்டு. ஆனால் இன்றுவரை அதைத் தனக்கென்று ஒரு தடவைகூட நீட்டியதில்லை. அவரைக் கூட்டிப்போகத்தான் பாலிகிளினிக் போவார், அவருடைய மாத்திரைப் பையைத் தூக்குவார், திரும்பிவிடுவார். "அந்தக் கூட்டத்துல அவருக்கு உக்கார எடம் புடிக்கவே நேரம் சரியாயிருக்கும் ஐயா, என் காலை யாரு பாக்கறது?" என்றார். கால் போனவர் வீட்டில் இன்னொருவருக்குக் கால் வலி என்று சொல்லக் கூச்சம்.

வரும் வியாழக்கிழமை ஹவில்தாருக்கு மாத மருந்து நாள். இந்தத் தடவை இரண்டு டோக்கன் வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இடம் பிடிக்க நான் கூடப் போகிறேன். தை பிறந்ததும் அவர் பூனா போக வேண்டும், விரல் போனதால் நடை மாறி இடது சாக்கெட் உரசுகிறதாம். வலது பாதத்துக்கு எம்சிஆர் செருப்பு தைக்க அளவு கொடுத்திருக்கிறார். அது வரும்வரை வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. கோயிலுக்குப் போனால் என்ன செய்வது என்று கேட்டார். வாசலிலேயே நின்று கும்பிட்டால் பெருமாள் ரெஃபரல் கேட்க மாட்டார் என்று சொன்னேன்.